சீட்டுக் கம்பியில் ஒரு குங்குமப் பொட்டு

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் கடைசித் தட்டு என்னுடையது. மேல் தட்டுகளில் துவரம் பருப்பு, உளுந்து, ரவை எல்லாம் டப்பாக்களில் இருக்கும். என் தட்டில் ஸ்பேனர்கள், ஒரு கொத்து அலன் கீ, பஞ்சர் ஒட்டும் பசை, செயினுக்கு விடும் எண்ணெய், அப்புறம் பழைய டூத் பிரஷ் நான்கு. நான்கும் செயின் தேய்க்கத்தான். "இது சமையல்கட்டா, ஒர்க்ஷாப்பா?" என்று என் மனைவி கேட்பாள். கேட்டுவிட்டு, நான் வெளியே போன நேரம் பார்த்து அந்தத் தட்டையும் துடைத்துச் செய்தித்தாள் விரித்து வைப்பாள்.

நான் மெக்கானிக் இல்லை. கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் படிவம் நிரப்பியவன். ஆனால் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்துவிட்டால் எனக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும். சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்திலேயே சைக்கிள் கடை இருக்கிறது. அங்கே காற்றடிக்கக்கூட நான் போனதில்லை. கடைக்காரர் தொட்ட சைக்கிளில் ஏறினால் அது என் சைக்கிளே இல்லை என்பதுபோல ஒரு வீம்பு. இதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது யாராவது சிரித்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இரண்டு சைக்கிள்கள் வாங்கினோம். என்னுடையதில் டிஸ்க் பிரேக். சக்கரத்தின் நடுவில் ஒரு சின்னத் தகடு இருக்கும், பிரேக் அதைப் பிடிக்கும். அவளுடையது பழைய மாதிரி. பிரேக்கை அழுத்தினால் இரண்டு ரப்பர் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் இது வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன் கிளம்புவோம். ஆற்றோரச் சைக்கிள் பாதையில் கொஞ்ச தூரம். பெரிய சாலைக்கு அடியில் அந்தப் பாதை ஒரு சரிவில் இறங்கி மறுபக்கம் ஏறும். அதைத் தாண்டினால் சிறிது நேரத்தில் சிராங்கூன் சாலை. கூட்டம் தொடங்கும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்ப் பூட்டிவிட்டு, ஆளுக்கொரு தோசை. அவளுக்குத் தே, அதாவது பால் விட்ட டீ. எனக்குப் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கொசோங். பிறகு தேக்கா சந்தையில் முருங்கைக்காய், வாழைப்பூ, கொஞ்சம் மல்லிகை. அவள் சைக்கிளின் முன்கூடையில் அத்தனையும் அடங்கும்.

ஆனால் தோசைக்காக நான் அந்த ஞாயிறுகளுக்குக் காத்திருக்கவில்லை. வீட்டில் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. சண்டையெல்லாம் இல்லை. டிவி பேசும், நாங்கள் கேட்போம், அவ்வளவுதான். சைக்கிளில் ஏறினால் மட்டும் அவளுக்கு வாய் திறக்கும். சிக்னலில் நிற்கும்போது, பாலத்தில் மூச்சு வாங்கும்போது, திடீரென்று சொல்வாள். தன் பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி எப்படிக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள் என்பதை இருபத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் முதல்முறையாக ஒரு சிவப்பு விளக்கில்தான் கேட்டேன். பாதிக் கதையில் பச்சை விழுந்துவிட்டது. மீதிக்கு அடுத்த சிக்னல்வரை தவித்துக்கொண்டு போனேன். அந்த நேரம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. முந்தின நாளே இரண்டு சைக்கிளையும் கழுவி, வீட்டு வாசலில் காரிடாரில் நிறுத்தி வைத்தேன். பூஜையன்று நான்தான் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன். கையெல்லாம் நல்லெண்ணெய். ஒரு துணியில் துடைத்துக்கொண்டேன். சக்கரங்களைப் பார்த்தால் கழுவின தண்ணீர் காய்ந்து திட்டுத் திட்டாக இருந்தது. சாமிக்கு முன்னால் இப்படியா நிறுத்துவது என்று, அதே துணியால் நான்கு சக்கர விளிம்புகளையும் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். அப்படி ஒரு பளபளப்பு. எனக்கே பெருமை தாங்கவில்லை.

அவள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். ஹேண்டில்பாரில் ஒன்று, மணியில் ஒன்று, கடைசியாகச் சீட்டைத் தாங்கும் கம்பியில் ஒன்று என்று சந்தனம் வைத்து மேலே குங்குமம் இட்டாள். அந்தக் கம்பி சட்டத்துக்குள் இறங்கும் இடத்தில் ஒரு கிளிப் இருக்கும். அதில் நெம்பு என்று ஒரு சின்னக் கைப்பிடி உண்டு, அதைத் திறந்தால் சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். அவள் பொட்டு வைத்தது அந்தக் கிளிப்பை ஒட்டி, சரியாக அதற்கு மேலே. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். சந்தனம் இரண்டு நாளில் உதிர்ந்துவிட்டது. குங்குமம் மட்டும் கம்பியில் இருந்த ஒரு கீறலுக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டது. துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல நான் முன்னால் போனேன். நான் எப்போதும் முன்னால்தான். சரிவைத் தாண்டி மறுபக்கம் ஏறித் திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். கொஞ்சம் பொறுத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். ஒரு காலில் செருப்பு வார் அறுந்து தொங்கியது.

"என்னாச்சு?"

"செருப்பு அறுந்துடுச்சு. ஒன்னுமில்ல, போங்க."

சைக்கிள் ஓட்ட வருகிறவள் ஷூ போட வேண்டாமா என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அன்றைக்குச் சிக்னல் எதிலும் கதை இல்லை. செருப்பு போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரத்தில் அவள் சைக்கிளைப் பார்த்தபோது பிரேக் கட்டைகள் கறுத்து வழவழவென்று இருந்தன. இந்தக் காலத்து ரப்பர் லட்சணம் இதுதான் என்று முணுமுணுத்துக்கொண்டே கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் கட்டைகள் மாட்டினேன். விளிம்புகளையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துச் சுத்தம் செய்தேன். நல்ல வேலை ஒன்று செய்த திருப்தியில் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு முட்டி வலி ஆரம்பித்தது. சைக்கிளை விட்டு இறங்கியதும் முட்டியின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் உடனே டாக்டராகிவிட்டேன். சீட் தாழ்வாக இருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், பெடல் அடியில் இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நேராக நீள வேண்டும், இதெல்லாம் எனக்குத் தெரியும். போய்ப் பார்த்தால் சீட் தாழ்ந்துதான் இருந்தது. குங்குமப் பொட்டு கிளிப்புக்குள் போய் மறைந்திருந்தது. கம்பி வழுக்கிக்கொண்டு இறங்குகிறது என்று முடிவு கட்டினேன். பொட்டு வெளியே தெரியும்படி ஏற்றி இறுக்கினேன். பூஜையன்று இருந்த உயரம்தான் நான் வாங்கிய நாளில் வைத்த உயரம், சரியான உயரம். அந்தப் பொட்டு எனக்கு அளவுகோல் ஆயிற்று.

அடுத்த ஞாயிறு வீடு திரும்பியதும் பார்த்தேன். பொட்டைக் காணோம்.

கம்பியைத் துடைத்தேன். கிளிப்பை மாற்றினேன். புதுக் கிளிப்பும் வழுக்கியது. மூன்றாவது வாரம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நீ கொஞ்சம் வெயிட் போட்டிருக்கியோ?" என்று கேட்டுத் தொலைத்தேன். அன்று சிராங்கூன் சாலை வரும்வரை அவள் என்னிடம் பேசவில்லை. வந்த பிறகும் தே கொண்டுவந்தவரிடம்தான் பேசினாள்.

சரி, உயரத்தை விடு, மெத்தென்று இருந்தால் வலி குறையும் என்று அகலமான சீட் ஒன்று வாங்கி மாட்டினேன். அதற்கு மேல் ஜெல் உறை. ஹேண்டில்பாருக்குத் தடிமனான பிடி. புக்கிட் பாத்தோக்கிலிருந்து எங்கள் மகள் வந்திருந்தாள். காரிடாரில் நின்று சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அப்பா, இது சைக்கிளா, மசாஜ் சேரா?"

"உங்கம்மாவுக்கு முட்டி வலி. கம்ஃபர்ட் வேணாமா?"

"அம்மாவ உக்கார வச்சு செக் பண்ணீங்களா?"

"எல்லாம் எனக்குத் தெரியும்."

"ஷாப்ல குடுங்கப்பா, ஒரே நாள்ல பாத்துருவாங்க லா."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். மகளிடம் கோபித்துக்கொண்டு உள்ளே போவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

ஜனவரி மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "நாளைக்கு நீங்க சைக்கிள்ல வாங்க. நான் பஸ்ல வந்துர்றேன்."

அப்படி மூன்று ஞாயிறுகள் போயின. நான் தனியாக ஓட்டிக்கொண்டு போவேன். கடையில் அவள் முன்னாலேயே வந்து எனக்கும் தோசை சொல்லி வைத்திருப்பாள். நல்ல மனைவிதான், தோசையும் சூடாகத்தான் இருக்கும். ஆனால் மேசையில் இரண்டு பேரும் வீட்டில் இருப்பதுபோலவே இருந்தோம். சிவப்பு விளக்கில் தனியாக நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. பாலத்தில் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் யாரும் எதுவும் சொல்லாதது பிடிக்கவில்லை. ஏங்கிப்போனேன் என்று சொல்வதில் என்ன வெட்கம்?

நான்காவது வாரம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அவள் சொன்னாள்: "அந்த சைக்கிள் சும்மாதானே நிக்குது. யாருக்காச்சும் குடுத்துருவோமா?"

"ஒரே ஒரு தடவ. இந்த ஞாயித்துக்கெழம மட்டும் ஓட்டிப் பாரு. அப்பவும் வலிச்சா குடுத்துரலாம்" என்றேன். அவள் ம் என்றாள். உடனே காரிடாருக்குப் போய், சீட்டை ஏற்றிப் பொட்டு தெரியும்படி வைத்து, நெம்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். இனி யானை ஏறி உட்கார்ந்தாலும் இறங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, காற்றடிக்கப் பம்ப்போடு போனேன். பொட்டைக் காணோம்.

இரண்டு நாளாக அந்தச் சைக்கிளை யாரும் ஓட்டவில்லை. யானையும் ஏறவில்லை. குனிந்து பார்த்தேன். கிளிப்பின் வெள்ளி நிற நெம்பில், சரியாக அழுத்தித் திறக்கும் இடத்தில், சிவப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் குங்குமம் இட்டுக்கொண்ட விரல். இந்த வீட்டில் குங்குமம் தொடுகிறவள் ஒருத்திதான்.

"இங்க கொஞ்சம் வா" என்று கூப்பிட்டேன். என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கே தெரியும். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"சீட்ட நீயா எறக்கின?"

அவள் நெம்பைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள். "ஆமா."

"ஒவ்வொரு வாரமும்?"

"ஆமா. கெளம்புறப்போ நீங்க தண்ணி பாட்டில் எடுக்க உள்ள போவீங்கல்ல, அப்போ. இந்தத் தடவ நேத்தே எறக்கிட்டேன்."

நான் மாற்றிய கிளிப், துடைத்த கம்பி, வாங்கிய சீட், வெயிட் போட்டிருக்கியோ என்ற கேள்வி, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "ஏன்?" என்றேன்.

"கால் தரையில நல்லா ஊனணும்."

"நிக்கும்போது சீட்டவிட்டு முன்னால எறங்கி ஊனணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"நிக்கிறப்போ இல்லங்க. வண்டி நிக்காதப்போ."

எனக்குப் புரியவில்லை. அவள் காரிடார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "பூஜை முடிஞ்சு அடுத்த ஞாயித்துக்கெழம, அந்தச் சரிவுல பிரேக் பிடிக்கல. ரெண்டு கையாலயும் அழுத்துறேன், அது பாட்டுக்குப் போகுது. கீழ ஒரு பொண்ணு ஸ்ட்ரோலரத் தள்ளிக்கிட்டு வருது. ரெண்டு காலையும் தரையில போட்டுத் தேச்சுத்தான் நிறுத்துனேன். செருப்பு சும்மாவா அறுந்துச்சு? அதுக்கப்புறம் கால் எட்டலேன்னா எனக்கு ஏற முடியல. அந்தச் சரிவு வந்தாலே பயமா இருக்குது."

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா? என் வேலையில குறை கண்டுபிடிக்கிறியான்னு ரெண்டு வாரம் மூஞ்சத் தூக்கி வச்சுக்குவீங்க. குக்கர் வால்வ ரிப்பேர் பண்ணுனீங்களே, அப்ப நான் வாயத் தெறந்து பட்டது போதாதா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள். நான் செருப்பு வைக்கும் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். கறுத்து வழவழத்த பிரேக் கட்டைகள் நினைவுக்கு வந்தன. ரப்பரைத் திட்டியது நினைவுக்கு வந்தது. பிறகு அந்தத் துணி. என் சைக்கிளில் தகட்டைப் பிடிக்கும் பிரேக், விளிம்பில் எண்ணெய் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. அவளுடையதில் அந்த விளிம்புதான் எல்லாமே.

"நல்லெண்ணெய்" என்றேன்.

"என்னது?"

"விளக்குக்கு ஊத்துன எண்ணெய்க் கையத் தொடச்ச துணி. அதாலதான் சக்கரத்தத் தொடச்சேன். பளபளன்னு இருக்கட்டும்னு. தப்பு என்னோடது."

"சாமி எண்ணெயையா பிரேக்ல தேச்சீங்க?" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, என் பக்கத்தில் அதே பலகையில் வந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஸ்ட்ரோலர் கண் முன்னால் வந்து வந்து போனது. அவள் விழுந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அதைவிட, இத்தனை மாதம் என் மூஞ்சிக்குப் பயந்து இதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு வலியோடு ஓட்டியிருக்கிறாளே என்று வெட்கமாக இருந்தது. அதைச் சொன்னேன். சரி சரி என்று என் முழங்கையைத் தட்டினாள்.

அன்றே சைக்கிளை லிஃப்டில் இறக்கி, கீழே கார் நிறுத்துமிடத்தின் காலியான மூலைக்குக் கொண்டுபோனோம். இருக்கிற உயரத்திலேயே அவள் ஓட்டினாள், பிரேக் பிடித்தாள். மறுபடி ஓட்டினாள், பிடித்தாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. புதுக் கட்டைகள் ஒவ்வொரு தடவையும் கவ்விப் பிடித்தன. நான் ஓரமாக நின்றேன். முழங்கையை மடக்கு, பின் பிரேக்கை முதலில் பிடி என்றெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறக்கவில்லை. ரொம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"இந்தச் சோபா சீட்ட எடுத்துருங்க. தொடையில உரசுது" என்றாள் கடைசியில். "பழசையே போடுங்க. அதுல ஒன்னும் வலிக்கல."

பழையதை மாட்டினேன். "உயரத்த நான் இனி தொடமாட்டேன். உனக்கு எவ்ளோ வேணுமோ நீயே வச்சுக்க" என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். நியாயம்தான்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே போனோம். சரிவு வந்ததும் அவள் இறங்கித் தள்ளினாள். நானும் இறங்கித் தள்ளினேன். அடுத்த வாரமும் அப்படியே. பக்கத்தில் பக்கத்தில் நடந்தபோது பள்ளிக்கூடத் தோழி கதை மறுபடி வந்தது. அந்தத் தோழியின் கணவருக்கு இப்போது சர்க்கரையாம், தோசைக்குப் பதில் ஓட்ஸாம். சீட்டுக் கம்பியை நான் தொடவில்லை, பார்க்க மட்டும் செய்தேன். ஒரு ஞாயிறு பொட்டின் மேல் விளிம்பு கிளிப்புக்கு மேல் எட்டிப் பார்த்தது. இரண்டு வாரம் கழித்துப் பாதிப் பொட்டு. தீற்றலாக வெளிறிப்போயிருந்தாலும் தெரிந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் குறைந்தது.

முழுப் பொட்டும் தெரிந்த ஒரு ஞாயிறு, சரிவின் தொடக்கத்தில் நான் இறங்குவதற்குள் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். பாதிச் சரிவில் பிரேக் பிடித்தாள். சைக்கிள் நின்றது. சீட்டைவிட்டு முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன அங்கேயே நிக்கிறீங்க? வாங்க, பசிக்குது."

அன்றிலிருந்து நான் பின்னால்தான் ஓட்டுகிறேன். கதைகளும் நன்றாகக் கேட்கின்றன, காற்று அவள் பக்கத்திலிருந்து என் பக்கம் வருவதால்.

போன ஆயுத பூஜைக்கு மறுபடி இரண்டு சைக்கிளும் வாசலில் நின்றன. விளக்கு ஏற்றிவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு சைக்கிள் பக்கம் ஓர் அடி வைத்தேன். சந்தனக் கிண்ணத்தோடு அவள் குறுக்கே வந்தாள்.

"கையக் காட்டுங்க."

காட்டினேன். முகர்ந்து பார்த்தாள்.

"போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. துணியையும் குடுத்துட்டுப் போங்க."

கழுவிவிட்டு வந்தபோது பொட்டு வைத்து முடித்திருந்தாள். ஹேண்டில்பாரில் ஒன்று, மணியில் ஒன்று. சீட்டுக் கம்பியில் கிளிப்பை ஒட்டிப் புதுப் பொட்டு ஈரமாக இருந்தது. பழைய பொட்டு அதற்கு ஒரு விரல் மேலே இருந்தது. நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன். சீட் இப்போது நான் எப்போதும் வைத்ததைவிட ஒரு விரல் உயரம். அவளை ஒரு தடவைகூட உட்கார வைத்துப் பார்க்காமல், இதுதான் சரியான உயரம் என்று அத்தனை மாதம் நான் சண்டை போட்ட உயரமே அவளுக்குத் தாழ்வு.

"என்ன பாக்குறீங்க?" என்றாள்.

"ஒன்னுமில்ல" என்றேன். உள்ளே போய் இன்னொரு முறை கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.